நாள் ரேட்டை நம்பி வங்கி வேலையை விடலாமா?

கேள்வி: “ஒரு பெரிய வங்கியில், அபாயக் கணக்கீட்டு மென்பொருள் எழுதும் குழுவில் எட்டு வருடமாக நிரந்தர ஊழியராக இருக்கிறேன். இன்னொரு வங்கியில் ஆறு மாத காண்ட்ராக்ட் ஒன்று வந்திருக்கிறது. சந்தை அபாய மூலதன விதிகள் தொடர்பான ப்ராஜெக்ட். ‘கண்டிப்பாக நீட்டிப்பார்கள்’ என்கிறார் ஏஜெண்ட். அவர் சொல்லும் நாள் ரேட்டை 260 வேலை நாட்களால் பெருக்கினால், என் அடிப்படைச் சம்பளத்தைப் போல் 1.7 மடங்கு வருகிறது. இங்கே எனக்கு அடிப்படைச் சம்பளத்தில் சராசரியாக 15 சதவீதம் போனஸ் வரும். ஓய்வூதியத்துக்கு நிறுவனம் 10 சதவீதம் போடுகிறது. அடுத்த போனஸுக்கு இன்னும் மூன்று மாதம். குழந்தை பிறந்ததால் மனைவி வேலையை விட்டிருக்கிறார். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பக்கத்து இருக்கையில் காண்ட்ராக்டில் இருப்பவருக்கு என்னைவிட அனுபவம் குறைவு, வருமானம் அதிகம். நான்தான் ஏமாளியோ என்று தோன்றுகிறது. போகலாமா? இந்த ஆஃபரை மேலாளரிடம் காட்டிச் சம்பள உயர்வு கேட்கலாமா?”

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பணக் கணக்கு விரிவாக இருக்கிறது. அந்த வங்கி எதற்காக வெளியிலிருந்து ஆள் எடுக்கிறது என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. நான் அதிக நேரம் நின்றது அந்த ஒரு வரியில்தான். ஆனாலும் பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

உங்கள் அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். போனஸ் 15. ஓய்வூதியப் பங்களிப்பு 10. மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு 4. ஆக, இன்று உங்கள் வேலையின் மொத்த மதிப்பு 129. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாட்களுக்கான சம்பளமும் இதில் அடக்கம்.

அந்தப் பக்கம் 170 என்கிறீர்கள். வருடம் முழுக்க ஒரு வார நாளைக்கூட விடாமல் வேலை பார்த்தால் வரும் தொகை அது. காண்ட்ராக்டில் வேலை பார்க்காத நாளுக்குக் காசு கிடையாது. பொது விடுமுறை 10 நாள் என்று வைப்போம். குடும்பத்தோடு எடுக்கும் விடுப்பு 20. உங்களுக்கோ குழந்தைக்கோ உடம்பு சரியில்லாமல் போவது 5. வருடக் கடைசியில் வங்கியே கட்டாயமாக அனுப்பும் விடுப்பு 10. ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி 20. மொத்தம் 65 நாள் போக 195 மிஞ்சுகிறது. 170-ஐ 195-ஆல் பெருக்கி 260-ஆல் வகுத்தால் 127.5. அதிலும் கணக்காளர் கட்டணம், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, சொந்தச் செலவில் படிக்கும் பயிற்சிகள் என்று ஒரு 3 கழித்தால் 124 சொச்சம்.

இங்கே 129, அங்கே 124. உங்கள் 1.7 மடங்கு வந்து நிற்கும் இடம் இதுதான். இடைவெளியே இல்லாமல் ஓடும் நல்ல வருடத்தில்கூட 138-ஐத் தாண்டாது.

இடைவெளிக்கு 20 நாள் அதிகம் என்று தோன்றலாம். நிதித் துறையில் அது சாதாரணம். காரணம், பின்னணிச் சோதனை. பழைய வேலைகளுக்குச் சான்று, குற்றப் பதிவு, கடன் வரலாறு, நடுவில் சும்மா இருந்த மாதங்களுக்கு விளக்கம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். இன்டர்வியூவில் தேர்வாகி, ரேட்டும் பேசி முடித்து, “இன்னும் கிளியரன்ஸ் வரவில்லை” என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நிரந்தர வேலையிலிருந்து நிரந்தர வேலைக்கு மாறுபவர் அந்த வாரங்களைப் பழைய இடத்தின் நோட்டீஸ் பீரியடில், சம்பளத்தோடு கழித்துவிடுவார். காண்ட்ராக்டர் கைக்காசில் கழிக்க வேண்டும். ஒவ்வொரு புது வங்கிக்கும் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கட்டாய விடுப்பு பற்றி ஏஜெண்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பல முதலீட்டு வங்கிகள் டிசம்பர் கடைசியில் சிஸ்டத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று தடை போடும். வருடக் கணக்கு முடிக்கிற நேரத்தில் எதுவும் உடைந்துவிடக் கூடாதே. புதிதாக எதையும் ஏற்ற முடியாத அந்த நாட்களில் காண்ட்ராக்டர்களைக் காசில்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் செலவு மிச்சம். இதை வருடா வருடம் செய்யும் வங்கிகள் உண்டு. ஒப்பந்தத்தைக் கூர்ந்து படித்தால், “வேலை தர வேண்டிய கட்டாயம் வாடிக்கையாளருக்கு இல்லை” என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். நான்கு வார நோட்டீஸ் என்று இன்னொரு பக்கத்தில் போட்டிருந்தாலும், அந்த நான்கு வாரமும் வேலை கொடுக்காமல் இருக்க இந்த வரியே போதும்.

அடுத்தது வரி. “சொந்தக் கம்பெனி வைத்துக்கொண்டு காண்ட்ராக்ட் எடுத்தால் வரி குறையும்” என்று உங்கள் பக்கத்து இருக்கை நண்பர் சொல்லியிருப்பார். இன்றைக்கு உங்கள் நாட்டுச் சட்டப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மிச்சத்தை நிரந்தரம் என்று நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஊழியர் மாதிரியே வேலை பார்த்துக்கொண்டு கம்பெனி பெயரில் பில் போடுபவர்களைப் பிடிக்க 2000-இல் ஐஆர்35 என்ற விதி வந்தது. அந்த விதி யாருக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு பல வருடம் காண்ட்ராக்டரிடமே இருந்ததால் பெரிய பாதிப்பில்லை. 2021 ஏப்ரலில் அந்தப் பொறுப்பைத் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களின் தலையில் வைத்தார்கள். ஒவ்வொரு ஆளையும் ஆராய்ந்து ரிஸ்க் எடுப்பதற்கு வங்கிகளுக்கு என்ன தலையெழுத்தா? அந்தத் தேதி வருவதற்கு முன்பே பல பெரிய வங்கிகள் “இனி சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் ஆட்களை எடுப்பதில்லை, பேரோலில் (சம்பளப் பட்டியலில்) வா, இல்லையென்றால் கிளம்பு” என்று சொல்லிவிட்டன. 2022 செப்டம்பரில் அரசு இந்த மாற்றத்தை ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. கொண்டாட்டம் முடிவதற்குள், அக்டோபரிலேயே, அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. நெதர்லாந்திலும் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த போலிச் சுயதொழிலுக்கு எதிரான விதியை 2025 ஜனவரி முதல் வரித்துறை மறுபடி அமல்படுத்தத் தொடங்கியது. வரியில் வரும் லாபத்தை எதிர்பாராத வரவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி மாதத் தவணையை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் என்று எல்லோரும் ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே மூன்று விதம் இருக்கிறது. நீங்களே நேரடியாக பில் போடுவது ஒன்று. ஏஜென்சியின் அல்லது வேறொரு கம்பெனியின் பேரோலில் உட்கார்ந்து வங்கிக்கு வேலை பார்ப்பது இரண்டாவது. மூன்றாவது, ஐடி சேவை நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டு கிளையன்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பது. மூன்றாவது வகையில் வங்கியின் கண்ணுக்கு நீங்கள் காண்ட்ராக்டர், உங்கள் நிறுவனத்தின் கண்ணுக்கு ஊழியர். ப்ராஜெக்ட் போனால் பெஞ்ச், அதாவது அடுத்தது வரும்வரை சும்மா காத்திருப்பது. ரேட் உயர்ந்தாலும் அந்த லாபம் உங்களுக்கு வராது. உங்களுக்கு வந்திருப்பது முதல் இரண்டில் எது என்று கடிதத்தில் இல்லை. ஏஜெண்ட் சொன்ன ரேட், அவர் வங்கியிடம் வாங்கும் தொகையா, உங்கள் கையில் தரும் தொகையா? பேரோல் என்றால் முதலாளி கட்ட வேண்டிய வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு ஆகியவற்றை அதிலிருந்து கழித்துத்தான் தருவார்களா? கழித்துத் தருவதாக இருந்தால் மேலே போட்ட 124 இன்னும் இறங்கும். பக்கத்து இருக்கை நண்பரின் வருமானத்தைப் பற்றியும் இதே சந்தேகம் எனக்கு இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரிக்கு, அந்த வங்கி எதற்காக வெளியிலிருந்து ஆள் எடுக்கிறது என்பதற்கு, வருகிறேன்.

வங்கியின் தொழில்நுட்பச் செலவு இரண்டு பைகளிலிருந்து வரும். ஒன்று, தினசரி ஓட்டத்துக்கானது. ராத்திரியில் மொத்தக் கணக்கையும் போடும் பேட்ச் ஓட வேண்டும், காலையில் டிரேடர் திரையில் எண்கள் தெரிய வேண்டும், ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை போக வேண்டும். வருடா வருடம் இது இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று, மாற்றங்களுக்கானது. புது விதி, புது சிஸ்டம், பழையதிலிருந்து இடமாற்றம். இந்தப் பைக்கு ஒரு தலைப்பு உண்டு, ஒரு தொகை உண்டு, ஒரு கடைசித் தேதியும் உண்டு. நிரந்தர ஊழியர்கள் பெரும்பாலும் முதல் பையில் உட்கார்ந்திருப்பார்கள். காண்ட்ராக்டர்கள் பெரும்பாலும் இரண்டாவதில். உங்கள் வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் உங்கள் திறமைக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் நாற்காலிக்கு எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

நிதித் துறை காண்ட்ராக்ட் சந்தை வளர்ந்ததே இந்தக் கடைசித் தேதிகளால்தான். ஐரோப்பாவின் நிதிச் சந்தைகளுக்கான மிஃபிட் 2 விதிகளுக்காக வங்கிகள் ஆள் சேர்த்தன. 2017 ஜனவரியில் வர வேண்டியது ஒரு வருடம் தள்ளிப்போய் 2018 ஜனவரி 3 அன்று அமலானது. கடன்களுக்கு உலக அளவுகோலாக இருந்த லைபார் வட்டி விகிதம் மறையப்போகிறது என்று 2017-லேயே தெரிந்துவிட்டது; கடைசியாக டாலர் லைபார் 2023 ஜூன் 30-இல் நின்றது. அதுவரை கோடிக்கணக்கான நிரல் வரிகளில் ஒளிந்திருந்த அந்த ஐந்தெழுத்தைத் தேடி மாற்றுவதே ஒரு தொழிலாக ஓடியது. அமெரிக்கப் பங்குச் சந்தை 2024 மே 28 அன்று டி+1-க்கு (வர்த்தகம் நடந்த அடுத்த வேலை நாளே பணமும் பங்கும் கைமாறும் முறைக்கு) மாறியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 2027 அக்டோபர் 11-ஐக் குறித்திருக்கின்றன. ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் ஒரு கூட்டம் உள்ளே வரும், தேதி முடிந்த சில வாரங்களில் அதே கூட்டம் வெளியே போகும்.

உங்களுக்கு வந்திருக்கும் சந்தை அபாய மூலதன விதிகள், அதாவது சந்தை விலை மாற்றத்தால் வரும் நஷ்டத்தைத் தாங்க வங்கி எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள், இதில் தனி ரகம். வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு அதை 2016 ஜனவரியில் வெளியிட்டது. 2019 என்றார்கள், பிறகு 2022 என்றார்கள், கோவிட் வந்ததும் 2023 என்றார்கள். அதற்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தேதியைத் தள்ளிக்கொண்டே போயின. தேதி தள்ளிப்போனால் காண்ட்ராக்டருக்கு லாபம்தானே என்று நினைப்பீர்கள். சில சமயம் அப்படித்தான், ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும். ஆனால் இன்னொன்றும் நடக்கும்: “இந்த வருடம் தேவையில்லை, ப்ராஜெக்ட்டை நிறுத்தி வை” என்று மேலிருந்து ஒரு வரி வரும். அன்றைக்கு ஏஜெண்ட் சொன்ன “கண்டிப்பாக” எங்கே போனது என்று யாரிடமும் கேட்க முடியாது.

மேலிருந்து அந்த வரி வரும்போது உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மேலாளராக அந்த மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நிதிப் பிரிவிலிருந்து ஒரு எக்செல் வரும். பெயர், ஏஜென்சி, நாள் ரேட், ப்ராஜெக்ட் கோடு, ஒப்பந்த முடிவுத் தேதி என்று ஐந்தாறு நெடுவரிசைகள். இவ்வளவு தொகை குறைய வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மின்னஞ்சல் இருக்கும். முதல் வேலையாக எல்லோரும் செய்வது முடிவுத் தேதி நெடுவரிசையை வரிசைப்படுத்துவது. அடுத்த இரண்டு மாதத்தில் முடிகிற பெயர்கள் மேலே வரும். அவர்களை நீட்டிக்காமல் விட்டால் போதும். பணிநீக்கம் இல்லை, இழப்பீடு இல்லை, மனிதவளத் துறையோடு கூட்டம் இல்லை. யார் நன்றாக நிரல் எழுதுகிறார் என்பதற்கு அந்த எக்செல்லில் நெடுவரிசையே கிடையாது. தொகை அப்போதும் குறையவில்லை என்றால் மிச்சம் இருக்கும் அத்தனை காண்ட்ராக்டர்களுக்கும் பத்து சதவீத ரேட் வெட்டு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, இஷ்டமிருந்தால் இரு. இப்படிப்பட்ட கடிதம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேருக்குப் போவதெல்லாம் இந்தத் துறையில் புதிதல்ல.

நிரந்தர வேலை மட்டும் கல்லில் செதுக்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. 2008-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும், 2023-இல் கிரெடிட் சூயிஸை யுபிஎஸ் வாங்கியதும் எத்தனை ஆயிரம் நிரந்தர ஊழியர்களை உலுக்கின என்று உலகமே பார்த்தது. ஆனால் நிரந்தர ஊழியரை அனுப்ப நேரம் எடுக்கும், பணம் எடுக்கும், சட்டம் குறுக்கே நிற்கும். உள்ளேயே வேறு குழுவுக்குத் தாவ அவகாசம் கிடைக்கும். நிரந்தரத்தில் உங்களுக்குக் கிடைப்பது அந்த அவகாசம். குழந்தையும் கடனும் ஒற்றை வருமானமும் இருக்கும் வீட்டில் அதற்கு நல்ல விலை உண்டு.

இனி, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. எட்டு வருடத்தில் நீங்கள் சேர்த்த அறிவில் எவ்வளவு உங்களோடு வெளியே வரும்? அபாயக் கணக்கீடு, அதன் பின்னால் இருக்கும் கணிதம், எந்த எண் தப்பினால் எந்த அறிக்கை உடையும் என்ற புரிதல், இதெல்லாம் எந்த வங்கிக்கும் பொருந்தும். ஆனால் பெரிய வங்கிகள் தங்களுக்கென்று சொந்தத் தளங்களையும், சில சமயம் சொந்த நிரல்மொழியையும்கூட வைத்திருக்கும். கோல்ட்மேன் சாக்ஸின் ஸ்லாங் அப்படி ஒன்று. அதைப் போன்ற ஒன்றில் எட்டு வருடம் போயிருந்தால், வெளிச் சந்தையில் உங்கள் எடை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் முதல் நாளிலிருந்தே வேலை நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கற்றுக்கொள்வதற்காக யாரும் நாள் ரேட் தர மாட்டார்கள். ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். காண்ட்ராக்டருக்கு விதவிதமான அனுபவம் கிடைக்கும் என்பது பாதிதான் உண்மை. ஐந்து வங்கிகளில் ஒரே வேலையை ஐந்து தடவை செய்த காண்ட்ராக்டர்களை நான் நிறைய இன்டர்வியூ செய்திருக்கிறேன்.

அதே சமயம், ஒரு சிஸ்டத்தோடு நீண்ட காலம் வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரியும் விஷயங்கள் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புது நிரல் ஏறியது. எட்டாவதில், பல வருடமாகப் பயன்படுத்தாமல் நீக்காமலும் விட்டிருந்த பழைய நிரல் உயிர்பெற்றுத் தானாகவே பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிறுவனம் அதிலிருந்து எழவே இல்லை. அடுத்த வருடமே இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. அந்தப் பழைய நிரல் ஏன் அங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் அது விழித்துக்கொள்ளும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நிதித் துறையில் நிரந்தர ஊழியரின் உண்மையான மூலதனம் அதுதான். அதைப் பேரம் பேசப் பயன்படுத்தத் தெரியாமல் பலர் ஏமாளிகளாக இருக்கிறார்கள். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னதால் சொல்கிறேன்.

காண்ட்ராக்டின் நல்ல பக்கங்களையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் உண்மைதான். வருடாந்திர மதிப்பீட்டுக் கூத்து கிடையாது. சனிக்கிழமை ரிலீஸுக்கு உட்கார்ந்தால் அந்த நாளுக்கும் பில் போடலாம். உங்கள் மாதிரி நிரந்தர ஊழியர் “குழு உணர்வோடு” இலவசமாக உட்கார வேண்டும். அலுவலக அரசியலில் உங்களை யாரும் சேர்க்க மாட்டார்கள், அதுவே ஒரு நிம்மதி. இரண்டு பேரும் சம்பாதிக்கும் வீடு, ஆறேழு மாதச் செலவுக்குக் கையிருப்பு, சந்தையில் ஆள் தட்டுப்பாடான ஒரு திறமை, இந்த மூன்றும் இருப்பவருக்கு நான் தாராளமாகப் போகச் சொல்வேன். வேலை அனுமதி விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பல நாடுகளில் அந்த விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, காண்ட்ராக்டை அது அனுமதிக்காது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இருந்தால் இந்தக் கடிதத்தை இதோடு மூடிவிடலாம்.

என் கருத்து இதுதான்: இந்த ஆஃபரை, இந்த ரேட்டுக்கு, இந்த மாதத்தில் எடுக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய போனஸை விட்டுவிட்டுப் போனால், அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதம் அப்படியே போகும். முந்தைய வருட போனஸில் ஒத்திவைத்த பங்கு ஏதாவது இருந்தால், ராஜினாமா செய்யும்போது அதுவும் போகலாம். நிரந்தர வேலைக்கு மாறினால் புது முதலாளியிடம் “இதை ஈடுகட்டு” என்று கேட்க ஒரு வழக்கம் உண்டு. காண்ட்ராக்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போனஸ் கைக்கு வந்த பிறகு மறுபடி சந்தைக்குப் போங்கள். அப்போதும் மனைவி வேலைக்குத் திரும்பவில்லை என்றால், 129-ஐவிட 20 சதவீதமாவது கூடுதலாகக் கையில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. மேலே போட்ட கழிவுகளோடு பார்த்தால் அதற்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல் 2.1 மடங்கு ரேட் வேண்டும். அவர் வேலைக்குத் திரும்பிவிட்டால் 1.8, 1.9-க்குக்கூட யோசிக்கலாம். அதற்குள் ஆறு மாத வீட்டுச் செலவையும் தவணையையும் தொடாத ஒரு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். முதல் இன்வாய்ஸ் பணம் கைக்கு வரவே ஒன்று இரண்டு மாதம் ஆகும் ஒப்பந்தங்கள் உண்டு. இன்னும் ஒன்று, வீட்டை மாற்றும் எண்ணமோ கடனை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணமோ இருந்தால் அதை நிரந்தர வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டருக்குக் கடன் தருவதற்கு முன் ஒன்றிரண்டு வருடக் கணக்குகளைக் கேட்பவர்கள் அதிகம்.

அடுத்த தடவை ஏஜெண்ட் கூப்பிட்டால் ரேட்டை விட்டுவிட்டு வேறு விஷயங்களைக் கேளுங்கள். இந்த இடத்துக்கு எதுவரை பட்ஜெட் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள்? ஆறு மாத ஒப்பந்தத்துக்குப் பின்னால் பன்னிரண்டு மாத ஒப்புதல் இருந்தால் அது ஒரு கதை, நிதியாண்டு முடிவோடு ஒப்புதலும் முடிந்தால் அது வேறு கதை. இது புது இடமா, யாராவது விட்டுப்போனதா? விட்டுப்போனது என்றால் அவர் ஏன் போனார்? நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவா? வருடக் கடைசிக் கட்டாய விடுப்பு உண்டா? வங்கி ஏஜென்சிக்குப் பணம் கொடுக்காவிட்டாலும் ஏஜென்சி உங்களுக்குத் தருமா? அதிகபட்சம் எத்தனை மாதம் ஒரு காண்ட்ராக்டரை வைத்திருப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நீண்ட காலம் இருக்கும் காண்ட்ராக்டர், நாளைக்கு “நானும் ஊழியர்தான்” என்று நீதிமன்றம் போவாரோ என்ற பயம் பெரிய நிறுவனங்களுக்கு எப்போதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு வழக்கை 2000-இல் 9.7 கோடி டாலர் கொடுத்துச் சமரசமாக முடித்தது. அதனால் இத்தனை மாதத்துக்கு மேல் கிடையாது, நடுவில் கட்டாய இடைவெளி என்று உச்சவரம்பு வைத்திருக்கும் இடங்கள் நிறைய. ஏஜெண்ட் சொல்லும் “கண்டிப்பாக நீட்டிப்பார்கள்” அந்த உச்சவரம்புவரைதான் ஓடும்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்காது. “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி உண்மையிலேயே கேட்டுச் சொல்லும் ஏஜெண்டை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் விஷயம். இந்த ஆஃபரை அவரிடம் காட்ட வேண்டாம். காண்ட்ராக்ட் ரேட்டுக்கு இணையாக நிரந்தரச் சம்பளத்தை உயர்த்த அவரால் முடியாது. அது வேறு பை, அவர் கையில் இல்லாத பை. முடியாததைக் கேட்டு, கூடவே “இவர் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவார்” என்ற எண்ணத்தையும் அவர் மனதில் விதைத்துவிடுவீர்கள். ஆட்குறைப்புப் பட்டியல் போடும் நாளில் அது ஞாபகம் வரும். அதற்குப் பதிலாக, ஆஃபர் என்ற வார்த்தையே எடுக்காமல் சம்பளத்தைப் பற்றி நேராகப் பேசுங்கள். இப்போது பேசுவதுதான் சரியான நேரம், ஏனென்றால் போனஸ், சம்பள உயர்வு எண்கள் அறிவிப்புக்கு வெகு முன்பே முடிவாகிவிடும். கடிதம் கையில் வந்த பிறகு அழுது பயனில்லை. போன வருடம் நீங்கள் எந்த அறிக்கையை, எந்தத் தேதிக்குள், என்ன சிக்கலிலிருந்து காப்பாற்றினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவர் மேலே வாதாட அந்த அரைப் பக்கம் தேவைப்படும், உங்களுக்காக அதை எழுத அவருக்கு நேரம் இருக்காது.

அப்புறம், உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். எட்டு வருடம் பழகிய வங்கி ஊழியருக்கு மூன்று மாதம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. காண்ட்ராக்ட் ஆளை நான்கு வாரத்தில் எதிர்பார்க்கும் ஏஜெண்ட் அதைக் கேட்டதும் வேறு பெயரைத் தேடப் போய்விடலாம். அப்படியானால் நோட்டீஸைக் குறைக்க இங்கே என்ன வழி இருக்கிறது என்பதை அடுத்த ஆஃபர் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.